செவிலி, தாதி, தாயி: இந்தியச் செவிலியர் பதிவுச் சட்டங்களின் வரலாறு

முன்னுரை

ஒரு தொழிலை யார் செய்யலாம், யார் செய்யலாகாது என்பதை வரையறுக்க அரசு கைக்கொள்ளும் கருவிகளுள் முதன்மையானது பதிவேடு. வழக்கறிஞர், மருத்துவர் முதலியோரின் பதிவு வரலாறு ஓரளவு ஆராயப்பட்டுள்ளது. அவர்களை விட எண்ணிக்கையில் மிகுந்தவரும் நோயாளியின் அருகில் மிகுதியான நேரம் இருப்பவருமாகிய செவிலியரின் பதிவு வரலாறு தமிழில் போதிய அளவு பேசப்படவில்லை. 1926ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் இயற்றிய செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் தொடங்கி, 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய தேசியச் செவிலியம், பேறுகால மருத்துவத் துறை ஆணையச் சட்டம் வரையிலான வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது.

பதிவுச் சட்டங்கள் தொழிலின் தரத்தைக் காக்க எழுந்தவை என்பது பொதுவான கருத்து. அது உண்மையே. எனினும் அச்சட்டங்கள் வேறொரு பணியையும் செய்தன. ஒரே பொருளில் வழங்கிய பல பெயர்களுள் ஒன்றிற்கு மட்டும் சட்டத் தகுதியை அளித்து, ஏனைய பெயர்களையும் அப்பெயர்களைத் தாங்கிய பெண்களையும் பதிவேட்டிற்குப் புறத்தே நிறுத்தின. பதிவேட்டுக்குள் இடம்பெற்றவர்களையோ மாகாண எல்லைக்குள் கட்டிவைத்தன. இவ்விரு விளைவுகளையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

சங்க அகப்பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். பெற்ற தாயாகிய நற்றாயினின்றும் அவளை வேறுபடுத்திக் காட்டுவது இலக்கண மரபு. தோழியைச் செவிலியின் மகளாகக் கூறுவது தொல்காப்பியம். தலைவி உடன்போக்கில் சென்றபின் பாலை வழியே அவளைத் தேடிச் செல்பவளும், மணமனைக்குச் சென்று இல்லற நலத்தைக் கண்டு மீள்பவளும் செவிலியே. நோய், மருந்து, மருத்துவமனை ஆகியவற்றோடு இச்சொல்லுக்குத் தொடக்கத்தில் நேரடித் தொடர்பு இல்லை. வளர்த்தலும் பேணலுமே அதன் பொருள்.

இந்நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. ‘நர்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் ஊட்டி வளர்த்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையினின்றும் பிரெஞ்சு வழியாக வந்தது. ‘தாதி’ என்பது பாலூட்டி வளர்ப்பவளைக் குறிக்கும் வடசொல்லின் திரிபு. வட இந்தியாவில் பிள்ளைப்பேறு பார்க்கும் பெண்ணைக் குறிக்கும் ‘தாயி’ என்பது செவிலித்தாய் எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது; தமிழ்த் ‘தாய்’ என்னும் சொல்லோடு அதற்குள்ள ஒலி ஒப்புமை தற்செயலானது. மருத்துவமனைகளில் வழங்கும் ‘ஆயா’ என்பது குழந்தை வளர்ப்பவளைச் சுட்டும் போர்த்துகீசியச் சொல். ஆக ஐந்து மொழி மரபுகளைச் சேர்ந்த ஐந்து சொற்களும் குழந்தையைப் பேணும் பெண் என்ற ஒரே பொருளில் வேர்கொண்டவை.

இன்று இவை ஒரே பொருளைத் தருவனவாக இல்லை. செவிலியர் என்பது தமிழ்நாட்டு ஆட்சித்தமிழில் பயிற்சியும் பதிவும் பெற்ற பணியாளரைக் குறிக்கிறது. இலங்கை, சிங்கப்பூர், மலேசியத் தமிழில் அவரே தாதியர். ஆயா என்பது மருத்துவமனைப் படிநிலையின் கடைசியில் நிற்பவரைக் குறிக்கிறது. தாயி என்பதோ பயிற்சியற்றவர் என்னும் குறிப்பைப் பெற்றுவிட்டது. இச்சொற்களிடையே இத்தகைய ஏற்றத்தாழ்வு தோன்றியமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் சட்டம் வகித்த பங்கு சிறிதன்று.

பதிவு இயக்கத்தின் உலகப் பின்னணி

செவிலியரை அரசு பதிவு செய்ய வேண்டும் என்னும் கோரிக்கை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் வலுப்பெற்றது. 1887இல் பிரித்தானியச் செவிலியர் சங்கத்தைத் தோற்றுவித்த எத்தல் பெட்ஃபோர்டு ஃபென்விக் அம்மையார் இவ்வியக்கத்தின் தலைவராக விளங்கினார். மூன்றாண்டுப் பயிற்சி, பொதுத் தேர்வு, அரசுப் பதிவு ஆகிய மூன்றும் அவர் வேண்டியவை. நவீனச் செவிலியப் பணியின் முன்னோடியாகப் போற்றப்படும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் இக்கோரிக்கையை எதிர்த்தார் என்பது கருதத்தக்கது. செவிலியின் பண்பையும் ஒழுக்கத்தையும் தேர்வினால் அளக்க இயலாது என்பதும், ஒருமுறை பதிவாகிவிட்ட பெயர் அவரது இன்றைய திறனுக்குச் சான்றாகாது என்பதும் அவர் தரப்பு வாதங்கள். இவற்றுள் இரண்டாவது வாதம் இந்தியப் பதிவேடுகளின் பிற்கால வரலாற்றிலும் எதிரொலிப்பதைப் பின்னர்க் காணலாம்.

இங்கிலாந்து தயங்கி நிற்க, அதன் குடியேற்ற நாடுகள் முந்திக்கொண்டன. தென்னாப்பிரிக்காவின் கேப் காலனி 1891ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டத்திலேயே செவிலியர் பதிவுக்கு இடமளித்தது. செவிலியருக்கெனத் தனிச் சட்டத்தை 1901இல் நியூசிலாந்து இயற்றியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1903ஆம் ஆண்டில் வட கரோலினாவும், அதே ஆண்டில் நியூ ஜெர்சி, நியூயார்க், வர்ஜினியா ஆகிய மாநிலங்களும் சட்டம் இயற்றின. இங்கிலாந்தில் மருத்துவச்சியர் சட்டம் 1902இலும், செவிலியர் பதிவுச் சட்டம் முதல் உலகப் போருக்குப் பின்னர் 1919இலும் நிறைவேறின. அப்பதிவேட்டின் முதல் எண் ஃபென்விக் அம்மையாருக்கே வழங்கப்பட்டது.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். தொடக்ககால அமெரிக்கச் சட்டங்கள் ‘பதிவு பெற்ற செவிலி’ என்னும் பட்டத்தைக் காத்தனவேயன்றிச் செவிலியப் பணியைக் காக்கவில்லை. பதிவு பெறாத ஒருவர் அப்பட்டத்தைப் பயன்படுத்தினால் குற்றம். பட்டத்தைப் பயன்படுத்தாமல் அதே பணியைச் செய்தால் குற்றமன்று. பணிக்கே உரிமம் வேண்டும் என்னும் கட்டாயச் சட்டத்தை நியூயார்க் மாநிலம் 1938இல்தான் இயற்றியது. முன்னதைப் பதிவு என்றும் பின்னதை உரிமம் என்றும் கூறலாம். பெயரைக் காப்பதும் பணியைக் காப்பதும் வெவ்வேறு என்னும் இத்தெளிவு இந்திய வரலாற்றைப் புரிந்துகொள்ளவும் இன்றியமையாதது.

சட்டத்திற்கு முந்தைய சென்னை

சென்னையில் மருத்துவச்சியருக்கான பயிற்சி 1854இலும், அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியருக்கான பயிற்சி 1871இலும் தொடங்கின. 1885இல் நிறுவப்பெற்ற டஃபரின் சீமாட்டி நிதி, பெண் மருத்துவர்களையும் செவிலியரையும் மருத்துவச்சியரையும் பயிற்றுவிப்பதைத் தன் குறிக்கோள்களாகக் கொண்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். இக்காலத்தில் ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பயிற்சியைத் தானே வகுத்துத் தன் சான்றிதழைத் தானே வழங்கிற்று. ஓரிடத்துச் சான்றிதழுக்கு மற்றோரிடத்தில் மதிப்பு உண்டென்பதற்கு உறுதி இல்லை.

இக்குறையைக் களைய முதலில் முனைந்தது அரசன்று. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் வட இந்தியாவிலும் தென்னிந்தியாவிலும் கிறித்தவ மிஷன் மருத்துவமனைகள் தமக்குள் பொதுத் தேர்வுக் குழுக்களை அமைத்துக்கொண்டன. செவிலியர் கண்காணிப்பாளர்கள் 1905இல் இலக்னோவில் தொடங்கிய அமைப்பின் தொடர்ச்சியாக 1908இல் இந்தியப் பயிற்சிபெற்ற செவிலியர் சங்கம் உருவாயிற்று. தரமான கல்வி, அரசுப் பதிவு ஆகியன இச்சங்கத்தின் கோரிக்கைகளாக இருந்தன. பதிவு என்பது மேலிருந்து திணிக்கப்பட்ட கட்டுப்பாடு அன்று. தொழிலுக்கு மதிப்பைத் தேடிய பெண்கள் தாமே முன்வைத்த கோரிக்கை என்பதை இது புலப்படுத்துகிறது.

மதிப்பைத் தேட வேண்டிய தேவைக்குச் சமூகக் காரணமும் உண்டு. உடற்கழிவுகளைக் கையாளுதல், அயல் ஆடவரைத் தொடுதல், இரவில் வெளியே தங்கிப் பணியாற்றுதல் ஆகியவை காரணமாக உயர்சாதிக் குடும்பங்கள் தம் பெண்களை இப்பணிக்கு அனுப்பத் தயங்கின. ஆகவே தொடக்ககாலச் செவிலியருள் ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியரும் இந்தியக் கிறித்தவரும் மிகுந்திருந்தனர். குடும்பமும் சாதியும் தர மறுத்த மதிப்பை அரசின் முத்திரையாவது தரும் என்று அவர்கள் எதிர்பார்த்ததில் வியப்பில்லை.

1926ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம்

1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களில் இரட்டையாட்சியை ஏற்படுத்தியது. மருத்துவ நிர்வாகமும் பொதுச் சுகாதாரமும் மாற்றப்பட்ட துறைகளாக இந்திய அமைச்சர்களின் பொறுப்பில் வந்தன. இந்தியாவில் செவிலியர் பதிவு மாகாண வாரியாக அமைந்தமைக்கு இவ்வரசியல் அமைப்பே அடிப்படைக் காரணம் எனலாம். அமெரிக்காவில் கூட்டாட்சி முறை மாநிலப் பதிவுக்கு வழிவகுத்தது போல, இங்கு இரட்டையாட்சி மாகாணப் பதிவுக்கு வழிவகுத்தது.

பனகல் அரசர் தலைமையிலான நீதிக்கட்சி அமைச்சரவை சென்னையில் ஆட்சி புரிந்த காலத்தில், 1926ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டமாகச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் நிறைவேறியது. இன்றைய இந்திய எல்லைக்குள் அமைந்த முதல் செவிலியர் பதிவுக் குழுமம் சென்னைக் குழுமமே என்பது செவிலிய வரலாற்று நூல்களின் பொதுவான கூற்று. அதே ஆண்டு அக்டோபர் முதல் நாளில் இந்திய இராணுவச் செவிலியர் பணியும் நிலையான அமைப்பாக உருப்பெற்றது. குடிமைத் துறை, படைத்துறை ஆகிய இரண்டிலும் செவிலியரின் நிலை ஒரே ஆண்டில் வரையறை பெற்றது எனலாம்.

சென்னைச் சட்டத்தின் பெயரிலேயே செவிலியர், மருத்துவச்சியர் என்னும் இரு பிரிவினர் இணைந்து நிற்பதைக் காண்கிறோம். இங்கிலாந்து இவ்விருவருக்கும் 1902, 1919 ஆகிய ஆண்டுகளில் தனித்தனிச் சட்டங்களை இயற்றியது. சென்னை இருவரையும் ஒரே சட்டத்தில் சேர்த்தது. இந்தியச் செவிலியர் தம் பெயருக்குப் பின் ‘பதிவு பெற்ற செவிலி’, ‘பதிவு பெற்ற மருத்துவச்சி’ என இரு தகுதிகளையும் சேர்த்துக் குறிக்கும் வழக்கம் இவ்விணைப்பை நினைவூட்டுகிறது.

பெயர்களில் வெளிப்படும் படிநிலை

சென்னையைப் பின்பற்றிப் பிற மாகாணங்களும் சட்டம் இயற்றின. பஞ்சாப் 1932இலும், வங்காளமும் ஐக்கிய மாகாணமும் 1934இலும், பம்பாயும் பீகார்-ஒரிசாவும் 1935இலும், மத்திய மாகாணம் 1936இலும் சட்டங்களைப் பெற்றன. பத்தாண்டுக் காலத்தில் பிரித்தானிய இந்தியாவின் பெரும்பகுதியில் பதிவேடுகள் திறக்கப்பட்டன.

இச்சட்டங்களின் பெயர்களே ஒப்புநோக்கத்தக்கவை. வங்காளச் சட்டம் ‘செவிலியர்’ என்னும் ஒரு சொல்லோடு அமைகிறது. பம்பாய்ச் சட்டம் செவிலியர், மருத்துவச்சியர், சுகாதாரப் பார்வையாளர் என மூவரைப் பெயரிலேயே கூறுகிறது. ஐக்கிய மாகாணச் சட்டமோ செவிலியர், மருத்துவச்சியர், உதவி மருத்துவச்சியர், சுகாதாரப் பார்வையாளர் என நால்வரை அடுக்குகிறது. ஒரு மாகாணத்தில் தனிப் பிரிவாகப் பெயர் பெற்றவர் மற்றொரு மாகாணச் சட்டத்தின் தலைப்பில் இடம்பெறவில்லை. ஒரே பணியைச் செய்யும் இரு பெண்கள் எந்த மாகாணத்தில் வாழ்கின்றனர் என்பதைப் பொறுத்து அவர்களின் பெயரும் தகுதியும் மாறின.

நாடு விடுதலை பெற்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது இச்சட்டங்களும் பிரிந்தன. 1926ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் தமிழ்நாட்டில் தமிழ்நாடு என்னும் பெயரோடும், ஆந்திரத்தில் ஆந்திரத்தின் பெயரோடும் தொடர்ந்தது. திருவிதாங்கூர்-கொச்சி 1953இல் தன் சட்டத்தை இயற்றியது. தில்லி தனக்கெனக் குழுமச் சட்டத்தை 1997இல்தான் பெற்றது. முதல் சட்டத்திற்கும் தலைநகரின் சட்டத்திற்கும் இடையே எழுபத்தொரு ஆண்டுகள் கழிந்தன.

பதிவேட்டிற்குப் புறத்தே

பதிவேடு திறக்கப்பட்டபோது நாட்டின் பெரும்பாலான பிள்ளைப்பேறுகளைப் பார்த்துவந்தவர் யார் என்னும் வினா எழுகிறது. தமிழகத்தில் மருத்துவர் சமூகத்துப் பெண்கள் மருத்துவச்சியராகத் தலைமுறை தலைமுறையாக இப்பணியைச் செய்துவந்தனர். வட இந்தியாவில் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தாயிகள் செய்தனர். பேறுகாலத் தீட்டு என்னும் கருத்து இப்பணியை அவர்களுக்கு விதித்தது. அவ்விதியே அவர்களைத் தாழ்ந்தவராகவும் ஆக்கியது.

குடியேற்ற அரசின் பார்வை அவர்கள்பால் இருவகையாக அமைந்தது. பிள்ளைப்பேற்றில் நிகழ்ந்த இறப்புகளுக்கு அவர்களின் அறியாமையே காரணம் என்று மருத்துவ அறிக்கைகள் பழித்தன. அதே வேளையில் அவர்களை நீக்கினால் அவ்விடத்தை நிரப்ப ஆளில்லை என்பதையும் அரசு உணர்ந்திருந்தது. 1903இல் கர்சன் சீமாட்டி தோற்றுவித்த விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதி தாயிகளைப் பயிற்றுவிக்கும் நோக்குடையது. கையைத் தூய்மையாக வைத்திருத்தல், தொப்புள்கொடியைத் தூய கருவியால் அறுத்தல் முதலியன கற்பிக்கப்பட வேண்டியவையே. பேறுகாலக் காய்ச்சலும் பச்சிளங்குழந்தைகளின் வில்வாத நோயும் கற்பனைகள் அல்ல. ஆகவே பயிற்சியின் தேவையை மறுப்பதற்கில்லை.

ஆனால் பயிற்சிக்கும் பதிவுக்கும் இடையே எழுத்தறிவு ஒரு சுவராக நின்றது. பதிவுக்குரிய பயிற்சி பள்ளிக் கல்வியை வேண்டிற்று. பாடங்களும் தேர்வும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தன. மருத்துவச்சி என்ற பெயரைத் தலைமுறையாகத் தாங்கிய பெண் அப்பெயரால் அமைந்த சட்டத்தின் பதிவேட்டில் இடம்பெறுதல் அரிதாயிற்று. பெயர் மட்டும் அவளிடமிருந்து பெறப்பட்டது. அப்பெயருக்குரிய உரிமை பள்ளி சென்ற வேறொரு பெண்ணிடம் சென்றது.

இதன் அளவை உணர்த்தும் எண்கள் உள்ளன. 1946இல் தன் அறிக்கையை அளித்த போர் குழு, பிரித்தானிய இந்தியாவில் ஏறத்தாழ 7,000 செவிலியரும் 5,000 மருத்துவச்சியரும் இருப்பதாகக் கணக்கிட்டது. 43,000 மக்களுக்கு ஒரு செவிலி, 60,000 மக்களுக்கு ஒரு மருத்துவச்சி என்பது அக்கணக்கு. சென்னைச் சட்டம் வந்து இருபதாண்டுகள் கழிந்த நிலை இது. விடுதலைக்குப் பின்னரும் மாற்றம் மெல்லவே நிகழ்ந்தது. 1992-93இல் நடைபெற்ற முதல் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியப் பிறப்புகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றே மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தது. 2019-21இல் நடைபெற்ற ஐந்தாம் ஆய்வில் இது ஏறத்தாழ 89 விழுக்காடாக உயர்ந்தது. ஆகவே பதிவேடுகள் திறக்கப்பட்ட முதல் அறுபது, எழுபது ஆண்டுகளில் இந்தியக் குழந்தைகளுள் பெரும்பாலானவை வீடுகளிலேயே பிறந்தன. அவற்றுள் பலவற்றை ஏந்திய கைகளுக்குப் பதிவேட்டில் பெயரில்லை.

இவ்விடைவெளியை நிரப்ப அரசு புதிய பெயர்களைப் படைத்தது. 1951இல் பஞ்சாபின் தரன் தாரனில் துணைச் செவிலி-மருத்துவச்சிப் பயிற்சி தொடங்கியது. 1973இல் அறிக்கை அளித்த கர்த்தார் சிங் குழுவின் பரிந்துரையால் அவர் பல்நோக்குச் சுகாதாரப் பணியாளர் ஆனார். தமிழ்நாட்டில் அவர் கிராமச் சுகாதாரச் செவிலியர் என வழங்கப்படுகிறார். தடுப்பூசி, குடும்பநலம், கணக்கெடுப்பு எனப் பணிகள் பெருகப் பெருகப் பிள்ளைப்பேறு பார்க்கும் திறன் பின்தள்ளப்பட்டது என்பது பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் பலரும் சுட்டும் செய்தி. மருத்துவச்சியம் தனித் தொழிலாக வளராமையை உணர்ந்தே மைய அரசு 2018இல் பேறுகாலச் சேவைகளுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, செவிலியருக்கு இத்துறையில் தனிப் பயிற்சியளிக்க முற்பட்டது. நூற்றாண்டுக்கு முன் பதிவேடு பிரித்துவைத்த ஒன்றை மீண்டும் இணைக்கும் முயற்சி என இதனைக் கொள்ளலாம்.

1947ஆம் ஆண்டின் சட்டம்

போர் குழுவின் அறிக்கைக்குப் பின்னர் நாடு முழுமைக்கும் ஒரே தரம் வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. 1946இல் தில்லியிலும் வேலூரிலும் செவிலியத்தில் பட்டப்படிப்பு தொடங்கியது. விடுதலை இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சரான ராஜ்குமாரி அம்ரித் கௌர் காலத்தில், 1947 டிசம்பர் 31 அன்று இந்தியச் செவிலியர் குழுமச் சட்டம் ஒப்புதல் பெற்றது. குழுமம் 1949இல் அமைந்தது.

இச்சட்டம் பொறுப்புகளைப் பகுத்த முறை கருதத்தக்கது. எப்பயிற்சி ஏற்கத்தக்கது என்பதை மையக் குழுமம் முடிவு செய்யும். பயின்றவரின் பெயரைப் பதிவு செய்வது மாநிலக் குழுமத்தின் பணி. ஏற்பளிக்கப்பட்ட தகுதியைப் பெற்ற ஒருவர் எந்த மாநிலத்திலும் பதிவு பெறத் தகுதியுடையவர் என்று சட்டம் உறுதியளித்தது. ஆயினும் தகுதி வேறு, பதிவு வேறு. தகுதி நாடு முழுமைக்கும் பொதுவாயிற்று. பதிவு மாநில எல்லையைக் கடக்கவில்லை. மாநிலப் பதிவேடுகளைத் தொகுத்து இந்தியச் செவிலியர் பதிவேடு ஒன்றைப் பேணுவதற்கு 1957ஆம் ஆண்டின் திருத்தம் வழிசெய்தது. எனினும் அது மாநிலங்கள் அனுப்பும் பட்டியல்களைச் சார்ந்தே நின்றது.

எல்லையும் எண்ணிக்கையும்

இந்தப் பகுப்பின் விளைவுகளை இருவகையாகக் காணலாம். முதலாவது, இடம்பெயரும் செவிலியர் எதிர்கொள்ளும் இடர். தமிழ்நாட்டில் பயின்று பதிவு பெற்ற ஒருவர் தில்லியிலோ கருநாடகத்திலோ பணியில் சேரும்போது அம்மாநிலக் குழுமத்தில் மீண்டும் பதிவு பெற வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய குழுமத்தின் தடையின்மைச் சான்று, சான்றிதழ்ச் சரிபார்ப்பு, கட்டணம், காத்திருப்பு ஆகியன தேவை. திருமணத்தாலும் குடும்பச் சூழலாலும் மாநிலம் விட்டு மாநிலம் செல்பவருள் பெண்கள் மிகுதி. செவிலியருள்ளும் பெண்களே மிகுதி. ஆகவே இவ்வெல்லையின் சுமை யார்மீது விழுந்தது என்பதை விளக்கவேண்டியதில்லை. வெளிநாடு செல்பவரும் இச்சரிபார்ப்பினின்று விடுபடவில்லை. அயல்நாட்டுக் குழுமங்கள் கேட்பது முதலில் பதிவு செய்த மாநிலக் குழுமத்தின் சான்றையே.

இச்சிக்கல் அமெரிக்காவிலும் எழுந்தது. ஒரு மாநிலத்தின் உரிமம் பிற மாநிலங்களிலும் செல்லுபடியாகும் வகையில் அங்குள்ள மாநிலங்கள் 2000ஆம் ஆண்டு முதல் உடன்படிக்கை ஒன்றில் சேரத் தொடங்கின. இன்று நாற்பதுக்கும் மேற்பட்டவை அதில் இணைந்துள்ளன. மாநிலத்தின் அதிகாரத்தை நீக்காமலே எல்லையின் இடரைக் குறைத்த முறை இது.

இரண்டாவது விளைவு எண்ணிக்கை பற்றியது. ஒருவரே இரு மாநிலங்களில் பதிவு பெறும்போது இருவராக எண்ணப்படுகிறார். இறந்தவர், ஓய்வு பெற்றவர், வெளிநாடு சென்றவர், பணியை விட்டவர் ஆகியோரின் பெயர்கள் புதுப்பித்தல் ஒழுங்காக நடைபெறாத பதிவேடுகளில் அப்படியே நிற்கின்றன. 2022இல் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்த கணக்கின்படி பதிவு பெற்ற செவிலியப் பணியாளர் 33 இலட்சத்துக்கும் மேற்பட்டவர். இவருள் நோயாளியின் அருகில் இன்று நிற்பவர் எத்தனை பேர் என்பதை அவ்வெண் கூறாது. பதிவான பெயர் இன்றைய திறனுக்குச் சான்றாகாது என்ற நைட்டிங்கேலின் வாதம் இங்கு வேறொரு வடிவில் உண்மையாகிறது. இக்குறையைப் போக்கவே இந்தியச் செவிலியர் குழுமம் ஒவ்வொருவருக்கும் தேசிய அளவில் தனித்த அடையாள எண்ணை வழங்கும் கணினிவழிப் பதிவேட்டைத் தொடங்கியது.

மறுபுறம், பதிவேட்டில் இல்லாதவரும் செவிலியப் பணியைச் செய்கின்றனர். 2001ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு இந்திய நலவாழ்வுப் பணியாளரை ஆராய்ந்து உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட அறிக்கை, தம்மைச் செவிலியர் என்று கூறிக்கொண்டவருள் பெரும்பகுதியினர் உரிய மருத்துவக் கல்வித் தகுதி அற்றவர் எனக் காட்டியது. சட்டத்தின் சொற்கள் எவ்வாறு இருப்பினும், நடைமுறையில் பதிவு கட்டாயமாக விளங்கியது அரசுப் பணியிலும் பெரிய மருத்துவமனைகளிலுமே. சிறு தனியார் மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் குறைந்த ஊதியத்திற்குப் பயிற்சியற்ற பெண்களை வெள்ளை உடையணிந்து நிறுத்தும் வழக்கம் தொடர்ந்தது. அங்கு இழப்பு மூவருக்கு: நோயாளிக்குப் பாதுகாப்பு இல்லை, பயிற்சி பெற்ற செவிலிக்கு உரிய ஊதியம் இல்லை, பயிற்சியற்றுப் பணிபுரியும் பெண்ணுக்குக் கற்று முன்னேறும் வழியும் இல்லை.

2023ஆம் ஆண்டின் சட்டம்

1947ஆம் ஆண்டின் சட்டத்தை நீக்கி அதனிடத்தில் அமைவதற்கெனத் தேசியச் செவிலியம், பேறுகால மருத்துவத் துறை ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023இல் இயற்றியது. தேசிய ஆணையம் ஒன்றையும் மாநில ஆணையங்களையும் அமைத்தல், தேசியப் பதிவேட்டையும் மாநிலப் பதிவேடுகளையும் பேணுதல், பதிவு பெறாதோர் இப்பணியைத் தொழிலாகச் செய்வதைத் தடுத்தல் ஆகியன இச்சட்டத்தின் முதன்மைக் கூறுகள். பெயரைக் காத்தல் என்னும் நிலையினின்று பணியைக் காத்தல் என்னும் நிலைக்குச் சட்டம் வெளிப்படையாக நகர்வதை இங்குக் காண்கிறோம்.

சட்டத்தின் தலைப்பில் செவிலியமும் பேறுகால மருத்துவமும் மீண்டும் இணைந்து நிற்கின்றன. இந்த இணைப்பு 1926ஆம் ஆண்டின் சென்னைச் சட்டத்தை நினைவூட்டுகிறது. முழுத்தகுதி பெற்றோர், துணைநிலைப் பணியாளர் என இருபடி அமைப்பையும் இச்சட்டம் கொண்டுள்ளது. துணைச் செவிலி-மருத்துவச்சியாகவும், பல்நோக்குப் பணியாளராகவும், கிராமச் சுகாதாரச் செவிலியராகவும் பெயர் மாறிவந்தவர் இனி எப்படியில் நிற்பார், அப்படியினின்று மேலேற அவருக்கு வழி திறந்திருக்குமா என்பதே இச்சட்டத்தின் பயனை அளக்கும் உரைகல்லாகும். மேலேறும் வழியில்லாத படிநிலை 1930களின் சட்டத் தலைப்புகள் செய்ததையே மீண்டும் செய்யும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. இந்தியாவில் செவிலியர் பதிவு, மதிப்பைத் தேடிய பெண்களின் கோரிக்கையாகத் தொடங்கி, இரட்டையாட்சியின் விளைவாக மாகாணச் சட்டமாக உருப்பெற்றது. அது பயிற்சிக்குப் பொது அளவுகோலைத் தந்தது. குடும்பத் தொழிலாகவோ அறப்பணியாகவோ கருதப்பட்டதைக் கல்வித் தகுதியுடைய தொழிலாக உயர்த்தியது. அதே வேளையில் எழுத்தறிவையும் ஆங்கிலத்தையும் வாயிலாகக் கொண்டமையால் மரபுவழி மருத்துவச்சியரைப் புறத்தே நிறுத்தியது. மாநில எல்லையைத் தன் எல்லையாகக் கொண்டமையால் இடம்பெயரும் செவிலியருக்கு இடராயிற்று.

பதிவேடு தேவையில்லை என்பது இவ்வரலாற்றினின்று பெறப்படும் முடிவன்று. பதிவேடு இல்லாத இடத்தில் நோயாளியும் பணியாளரும் ஒருசேர ஏமாற்றப்படுகின்றனர் என்பதையே மேற்கண்ட சான்றுகள் காட்டுகின்றன. ஆயின் ஒரு பதிவேட்டின் தரத்தை அதில் இடம்பெற்ற பெயர்களைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. அப்பணியைச் செய்தும் அதில் இடம்பெறாதவர் யார், அவர் உள்ளே வருவதற்குரிய பயிற்சி அவர் மொழியில், அவர் வாழும் இடத்தில் கிடைக்கிறதா என்பதையும் கேட்டல் வேண்டும். தேசியப் பதிவேட்டை அமைக்க முனையும் ஆணையங்கள் முதலில் தொகுக்க வேண்டியது இவ்வினாக்களுக்குரிய விடைகளையே. மாகாணப் பதிவேடுகள் தொடக்கத்தில் கேட்கத் தவறிய வினாக்கள் இவை. சென்னைக் குழுமத்தின் தொடக்ககாலப் பதிவேடுகளையும் அக்காலச் சட்டமன்ற விவாதங்களையும் மருத்துவச்சியரின் வாய்மொழி வழக்காறுகளோடு ஒப்பிட்டு ஆராய்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.